பரசூட்டைப் பொத்துவதும் சாக்கைப் பொத்துவதும்

திருகோணமலையில் திருக்கடலூர்க் கரையில் வலை பொத்துகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால், அவசரத் திருத்தம் என்றால் என்ன என்று விளங்கிவிடும். அறுந்த கண்ணியை வெட்டி விடுவார். கையில் இருக்கிற நூலை ஊசியில் சுற்றி முடிச்சுப் போடுவார். பழைய நூலைவிடத் தடித்த நூல் கிடைத்தால் இன்னும் சந்தோசம். கண்ணி கொஞ்சம் பெரிதாகிப் போனால் ஒரு மீன் தப்பும், அவ்வளவுதான்.

பரசூட்டுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அங்கே தடித்த நூலும், இறுக்கமான தையலும், இரண்டு மடங்கு துணியும் பல வேளைகளில் கெடுதலையே செய்யும். பிழையான திருத்தம் என்றதும் பிரிந்துபோகிற தையல்தான் மனதில் வரும். பிரியாமல் நின்று, பக்கத்தில் இருக்கும் நல்ல துணியைக் கிழிக்கிற தையலும் பிழையானதுதான். பார்வைக்கு உறுதியாகத் தெரிவதால் இந்த இரண்டாவது வகையில் ஆபத்துக் கூட.

திருத்திய இடம், திருத்தம் படாத இடம்போலவே நடந்துகொள்ள வேண்டும். அதே பாரத்தைத் தாங்க வேண்டும், இழுக்கும்போது அதே அளவு நீள வேண்டும், அதே அளவு காற்றை விட வேண்டும், தடிப்பும் நீளமும் மாறக் கூடாது. இவற்றில் எது மாறினாலும் அது கெட்ட திருத்தம். பாரம் தாங்குவதை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை மறப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

பாரம் எங்கே போகிறது?

விமானத்திலிருந்து குதித்து, வயிறு கீழ்நோக்க விழுகிற ஒருவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். பரசூட்டின் துணிப் பகுதியான குடை விரிந்து சில விநாடிகளில் அது பெருமளவு குறைந்துவிடும். சாதாரணமாக விரிந்தாலே ஆளின் நிறையைப்போல மூன்று நான்கு மடங்கு விசை உடம்பில் விழும். 80 கிலோ ஆள் என்றால் 320 கிலோ என்று வையுங்கள். முரட்டுத்தனமாக விரிந்தால் அதைவிட எவ்வளவோ கூடும்.

இன்றைய சதுரக் குடை பக்கம்பக்கமாக அடுக்கிய அறைகளால் ஆனது. ஏழு அறைக் குடையில் பாரம் தாங்கும் எட்டு விலாத் துணிகள் இருக்கும். ஒவ்வொரு விலாவிலும் முன்னிருந்து பின்னுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு கயிறுகள் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 32 பிடிமானங்கள். கீழே வரும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்து 16 கயிறுகளாகி, லிங்கு எனப்படும் நான்கு இணைப்பு வளையங்களில் முடியும். அங்கிருந்து தோளுக்கு மேலே இருக்கும் ரைசர் பட்டிகள், அதன் பிறகு உடம்பைச் சுற்றிய ஹார்னஸ்.

320 கிலோவை 16ஆல் பிரித்தால் கயிறு ஒன்றுக்கு 20 கிலோ. டேக்ரோன் என்ற பொலியெஸ்டர் இழைக் கயிறு ஒன்று 500 இறாத்தலுக்கு மேல், அதாவது 225 கிலோவுக்கு மேல் தாங்கும். அப்படியானால் எதற்கு இவ்வளவு கவலை? குடை ஒரே சீராக விரிந்தால்தான் பாரம் பதினாறாகப் பிரியும். ஒரு கயிறு கட்டையாகவோ ஒரு தையல் விறைப்பாகவோ இருந்தால், மற்றவை இழுபடுமுன் அந்த இடம் இழுபட்டு, பலர் சுமக்க வேண்டியதைத் தனியாகச் சுமக்கும். திருத்த வேலை செய்கிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

துணி

குடைத் துணி ரிப்ஸ்டொப் நைலோன். சதுர யார் ஒன்றுக்கு 1.1 அவுன்ஸ் நிறை, அதாவது சதுர மீற்றருக்கு 37 கிராம் அளவில் வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிறு சிறு கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டக் கோடுகளில் இழை தடிப்பாக ஓடுவதால், கிழிசல் ஒரு கோட்டில் முட்டி நிற்கும். இதில் இரண்டு இனம் உண்டு. ஒன்று எஃப்-111. புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் காற்றை விடும். மற்றது சிலிக்கன் பூச்சிட்ட, காற்றே விடாத துணி. சுருக்கமாக இசட்-பி என்பார்கள். ஒன்றில் மற்றதை வைத்து ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டு மட்டும் வேறு மாதிரி உப்பும், வேறு மாதிரி இழுபடும்.

ஒட்டுப் போடுவதில் அதிகம் நடக்கிற பிழை, இழையின் திசை பாராதது. நெய்த துணியை இழை ஓடும் வாக்கில் இழுத்தால் கொஞ்சம்தான் நீளும். குறுக்குமூலையாக இழுத்தால் நன்றாக நீளும். வீட்டில் ஒரு கைலேஞ்சியை எடுத்து இரண்டு விதமாகவும் இழுத்துப் பாருங்கள். ஒட்டுத் துணியின் கட்டங்கள் குடைத் துணியின் கட்டங்களோடு நேராகப் பொருந்தாவிட்டால், விரியும் நேரத்தில் இரண்டும் இரண்டு திசையில் நீளப் பார்க்கும். பாரம் முழுவதும் ஒட்டின் மூலைகளில் போய்க் குவியும். அடுத்த கிழிசல் அந்த மூலையிலிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது பிழை கிழிந்த விளிம்பை லைட்டரால் சுடுவது. நைலோன் கயிற்று நுனியைச் சுட்டுப் பழகிய கை இதையும் அப்படியே செய்துவிடும். உருகிய நைலோன் ஆறியதும் கண்ணாடி மணிபோல் கட்டிபட்டு நிற்கும். மடித்து, மேலே ஏறி முழங்காலால் அமுக்கிப் பொதி செய்யும்போது அந்த மணி மேலே இருக்கிற துணியையும் கயிற்றையும் அராவும். சூட்டுக் கத்தியால் நேர்கோட்டில் வெட்டுவது வேறு வேலை. அது விளிம்பை மெல்லியதாக அடைக்கும், கட்டி விடாது.

சிறிய துளைக்கு அதற்கென்றே வரும் ரிப்ஸ்டொப் ஒட்டுநாடா பிரதான குடையில் பல இடங்களில் அனுமதிக்கப்படுகிறது, தையலிலிருந்து தள்ளி இருந்தால். கடையில் விற்கும் சாதாரண ஒட்டுநாடா கூடாது. திருகோணமலை வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உள்ளே பை ஒரு மணி நேரம் கிடந்தாலே பசை இளகி, நாடாவின் ஓரத்தால் வழிந்து அடுத்த மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். சுப்பர் குளூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காய்ந்ததும் துணி தகடாகிவிடும்.

தையல்: நுணுக்கம் எல்லாம் இங்கேதான்

குடைத் துணிக்கு வழமையான நூல் ‘ஈ’ அளவு நைலோன். அந்த நூல் ஏறத்தாழ 8.5 இறாத்தல் தாங்கும். எஃப்-எஃப் என்பது 16 இறாத்தல். ஹார்னஸ் பட்டிக்குப் பாவிக்கும் ஐந்து புரி நூல் 40 இறாத்தல். ஐந்து புரி நூல் கையில் இருக்கும்போது ஏன் 8.5 இறாத்தல் நூலால் குடை தைக்க வேண்டும் என்று தோன்றும். தடித்த நூலுக்குத் தடித்த ஊசி வேண்டும். தடித்த ஊசி பெரிய துளை போடும். மெல்லிய துணியில் வரிசையாகப் பெரிய துளை போட்டால் அது தபால் முத்திரைத் தாளின் துளை வரிசைபோல் ஆகிவிடும். நூல் அறாது, துணி அந்த வரிசையோடு கிழியும். நூல் துணிக்கு ஏற்றதாக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து பாரம் தாங்கும்.

தையல் அடர்த்தியிலும் இதே கதைதான். ‘ஈ’ நூலுக்கு அங்குலத்துக்கு 7 முதல் 11 தையல் என்பது நடைமுறை. ஐந்துக்கு இறங்கினால் வலு போதாது. பதினைந்துக்கு ஏறினால் துளை கூடி, மேலே சொன்ன முத்திரைக் கதை. பட்டியில் ஐந்து புரி நூலுக்கு அங்குலத்துக்கு ஐந்து, ஆறு தையல் போதும். கடையில் பாவாடை தைக்கிற அளவில் மெசினை வைத்துக்கொண்டு குடையில் கை வைக்கிறவர், இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

நூலின் இனமும் முக்கியம். பருத்தி நூல் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து உளுத்துப் போகும். ஐப்பசி தொடங்கித் தை வரை நம் பக்கத்தில் மாரி. அலுமாரிக்குள் சேட்டே மணக்கிற காலம். சாதாரணப் பொலியெஸ்டர் நூல் உளுக்காது, ஆனால் நைலோன் அளவுக்கு நீளாது. நைலோன் துணி நீளும்போது நூல் நீள மறுத்தால், துணிக்குப் பாரம் போகுமுன்னே நூல் அறும், அல்லது துளையை அறுத்துக்கொண்டு வரும்.

பிறகு இழுவிசை. மெசின் தையலில் மேல் நூலும் பொபின் நூலும் கொளுவும் முடிச்சு, துணியின் தடிப்புக்கு நடுவே ஒளிந்திருக்க வேண்டும். மேல் நூல் இறுக்கமாக இருந்தால் முடிச்சு மேலே வந்து நிற்கும், துணி சுருங்கும். சுருங்கிய தையல் விரியும் நேரத்தில் மற்ற இடங்களுக்கு முந்தி இழுபடும். பொபின் நூல் தளர்ந்தால் அடிப்பக்கத்தில் வளையம் வளையமாக நிற்கும். அதில் கயிறு கொளுவ ஒரு வளையம் போதும். ஆகவே எந்தத் திருத்தத்தையும் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நல்லது என்று சொல்லக் கூடாது. மேற்பக்கத்தை எவரும் வடிவாகத் தைத்துவிடுவார்கள்.

புதுத் தையல் பழைய தையலோடு சேருமிடத்தில் ஓரிரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஓட வேண்டும். சரியாக அந்த முனையில் நிறுத்தினால் பின்னர் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும். குடையின் பிரதான தையல்களில் துணியின் இரு விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மடிக்கப்பட்டு, நான்கு தட்டுக்கு மேல் இரண்டு வரிசை தையல் ஓடும். அதைப் பிரித்துவிட்டு இரண்டு தட்டைச் சேர்த்து ஒரு வரிசை தைத்து முடித்த வேலைகளும் உண்டு. அது சாக்குப் பொத்துவது.

கயிறு

முடிச்சுப் போட்ட இடத்தில்தான் கயிறு அறும் என்று கடலுக்குப் போகிறவர் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. முடிச்சு வளைவில் ஒரு பக்க இழை நசிந்து மறுபக்க இழை மட்டும் பாரம் தாங்குவதால், ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழை போன்ற வழுக்குக் கயிற்றில் வலு பாதிக்கும் கீழே இறங்கலாம். ஆகவே குடைக்கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டுவதோ இணைப்பதோ இல்லை. பின்னல் கயிற்றின் நுனியை அதே கயிற்றின் வயிற்றுக்குள் சில அங்குலம் நுழைத்து விடுவார்கள். இழுக்க இழுக்க வெளிப் பின்னல் இறுகி உள்ளே இருப்பதைக் கவ்வும். இழுக்காதபோது கவ்வாது. அதனால்தான் அதன்மேல் நெருக்கமான குறுக்குத் தையல் ஒன்று போட்டுப் பூட்டுகிறார்கள். உள்ளே போன வால் கட்டையாக இருந்தாலோ, பூட்டுத் தையல் இல்லாவிட்டாலோ, பொதி செய்து விரித்துப் பொதி செய்து விரித்து, கயிறு மெல்ல மெல்ல வழுக்கி வரும். வாலின் நுனியைச் சுட்டுக் கட்டியாக்கி உள்ளே நுழைத்திருந்தால் அந்தக் கட்டி வெளிப் பின்னலை உள்ளிருந்தே அராவும்.

நீளம் இன்னொரு தலைவலி. குடை மெதுவாக விரிவதற்காகக் கயிறுகளில் வழுக்கி இறங்கும் சதுரத் துணிக்கு ஸ்லைடர் என்று பெயர். அதன் நான்கு மூலை வளையங்களும் ஓரக் கயிறுகளோடு உராய்ந்து சூடேறும். ஸ்பெக்ட்ரா ஏறத்தாழ 145 பாகை செல்சியசில் உருகும் இழை. அதற்கு எவ்வளவோ கீழான சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும். சில நூறு குதிப்புகளின் பின் ஓரக் கயிறுகளும், குடையைத் திருப்ப இழுக்கும் பிரேக் கயிறுகளும் அங்குலக்கணக்கில் கட்டையாகிவிடும், நடுக் கயிறுகள் அப்படியே இருக்கும். இந்த நிலையில் அறுந்த ஓரக் கயிறு ஒன்றை மட்டும் மாற்ற வருகிறவர், பக்கத்தில் இருக்கும் சுருங்கிய கயிற்றை அளந்து அதே நீளத்தில் புதியது போட்டால் பிழை. தொழிற்சாலை அட்டவணையின் நீளத்தில் ஒன்றை மட்டும் போட்டாலும் பிழை, ஏனென்றால் மறுபக்கத்தில் அதற்குச் சோடியான கயிறு சுருங்கித்தானே இருக்கிறது? இடமும் வலமும் ஒத்துப்போகாவிட்டால் குடை விரிந்த உடனேயே ஒரு பக்கம் திரும்பும். வழமையான தீர்வு, இருபக்கச் சோடியையும் சேர்த்து மாற்றுவது. தேய்ந்திருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றுவது. அளக்கும்போது எல்லாக் கயிற்றையும் ஒரே இழுவிசையில் பிடித்து அளக்க வேண்டும். கையால் இழுத்துப் பிடித்து அளந்தால் இழுக்கிற கைக்கு ஒரு நீளம்.

டேக்ரோன் இருந்த இடத்தில் ஸ்பெக்ட்ரா போடுவதும் நடக்கிறது, மெல்லியது, வலுவானது என்று. டேக்ரோன் கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்பெக்ட்ரா நீளாது. அந்த அதிர்ச்சி ஆளின் தோளுக்கும் குடைத் தையலுக்கும் போகும்.

இரும்புச் சாமான்கள்

கயிற்றையும் ரைசரையும் இணைக்கும் உருக்கு லிங்கின் மரையைக் கையால் இறுக்கி, பிறகு திருகுசாவியால் கால் சுற்று. அதோடு நிறுத்த வேண்டும். நெம்பி இறுக்கினால் மரைக் குழல் வெடிக்கும். மயிரிழை வெடிப்பு, கண்ணுக்குத் தெரியாது.

ஸ்லைடர் வளையத்தைப் பொருத்தமில்லாத அச்சில் வைத்து அடித்தால் விளிம்பு பிளந்து பல்லுப்பல்லாக நிற்கும். ஒரு பழைய நைலோன் காலுறையை வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் கொளுவினால் அந்த வளையம் கயிற்றையும் கொளுவும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்ப்பதும் சரிவராது, முலாம் போய்த் துருப்பிடிக்கும். உப்புக் காற்றுள்ள ஊரில் அது வெகு சீக்கிரம்.

பிரதான குடை கைவிட்டால் திறப்பதற்கென்று இருக்கும் இரண்டாவது குடைக்கு ரிசேவ் என்று பெயர். அந்த ரிசேவ் குடையின் பையைப் பூட்டும் ஊசி வளைந்திருந்தால் குறட்டால் நிமிர்த்தக் கூடாது. வளைந்து நிமிர்ந்த உலோகம் அந்த இடத்தில் களைத்துவிடும், முறியலாம். மாற்றத்தான் வேண்டும். ரிசேவ் கைப்பிடியை இழுக்கும் விசை அமெரிக்கத் தரப்படி 22 இறாத்தலைத் தாண்டக் கூடாது. வளைந்த ஊசியும், தேவைக்கு மேல் கட்டையான லூப்பும் அதைச் சுலபமாகத் தாண்டவைக்கும்.

லூப் என்பது பையின் மடல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சிறு கயிற்று வளையம். மிக மலிவான பாகம், அதனாலேயே மிக அலட்சியமாக மாற்றப்படுவதும் அதுதான். பிரதான குடையின் லூப் நீளமாகிவிட்டால் ஊசி தளர்வாக நிற்கும், விமானக் கதவடியில் எங்காவது முட்டினாலே கழன்று குடை வெளியே வரும். ரிசேவ் லூப்பில் இன்னொரு சிக்கல். குறித்த உயரத்துக்குக் கீழே ஆள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசேவைத் திறந்துவிடும் தானியங்கிக் கருவி, சிறு வெடிமருந்து வெட்டியால் அந்த லூப்பைத்தான் வெட்டும். அந்த வெட்டிக்கென்று குறித்த கயிற்றை விட்டு, கையில் கிடைத்த தடித்த கயிற்றில் லூப் செய்து போட்டால், வெட்டி தன் வேலையை முடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஹார்னஸ்

சுருக்கமாகச் சொன்னால், தொடக்கநிலையில் உள்ள எவரும் இதில் கை வைக்கக் கூடாது. ஹார்னஸ் பட்டிகளில் ‘இனம் 8’ என்ற பட்டி ஏறத்தாழ 4,000 இறாத்தல் தாங்கும். அதைத் தைக்கும் வடிவம், தையல் எண்ணிக்கை, பட்டி ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் எல்லாம் சோதித்துத் தீர்மானித்தவை. பழைய தையலைப் பிரித்து அதே இடத்தில் மறுபடி தைத்தால் துளை இரண்டு மடங்கு. பிரிக்கும்போது கத்தி நுனி பட்டியின் ஓர இழையைக் கீறினால், பட்டியின் வலு அங்கே போய்விட்டது. மேலே இன்னொரு துண்டு பட்டி வைத்துத் தைப்பதால் அது திரும்பி வராது.

கழுவுவதும் ஒரு திருத்தம்தான்

கடலில் இறங்கிய குடையை எப்படியாவது சுத்தமாக்கிவிடத் தோன்றும். உப்பு காய்ந்தால் பளிங்காகி இழைகளுக்கிடையே நின்று அராவும், உருக்கைத் துருவாக்கும், துரு நைலோனைத் தின்னும். ஆகவே காயவிடாமல் நல்ல தண்ணீரில் பல தடவை அலசுவது சரி. சலவைத் தூள் போடுவது, குளோரின் கலந்த வெளுப்பான் விடுவது, சலவை மெசினில் சுற்றுவது இவை மூன்றும் கேடு. பூச்சு போகும், துணி காற்றை விடத் தொடங்கும், குளோரின் நைலோனையே பலவீனமாக்கும். காயப்போடுவது நிழலில். ஆடி ஆவணிக் கச்சான் காற்றில் நிழலிலேயே நன்றாகக் காயும். வெயிலில் விரித்த நைலோன் என்ன ஆகும் என்பதற்கு, கரையில் மாதக்கணக்கில் கிடந்து வெளிறிய வலையைக் கையால் இழுத்துப் பார்த்தால் போதும், சும்மா அறும்.

பற்றரி அமிலம் பட்ட இடத்துக்கு ஒட்டே கிடையாது. அமிலம் எங்கே வரை பரவியது என்று கண்ணால் சொல்ல முடியாது. 1980களில் சில வட்ட ரிசேவ் குடைகளின் வலைத் துணியில் இருந்த அமிலம் பக்கத்துத் துணியைப் பலவீனப்படுத்தியது தெரியவந்தபோது, புரோமோகிரெசோல் பச்சை என்ற திரவத்தைத் தொட்டு நிறம் பார்த்தார்கள். மஞ்சளானால் அமிலம். அதன்பின் துணியைக் கவ்வியில் பிடித்து அளந்த விசையில் இழுத்தும் சோதித்தார்கள். பார்வைக்கு அந்தக் குடைகள் புதுசுபோலவே இருந்தன.

யார் செய்யலாம்?

இந்த வேலை செய்கிறவருக்கு உலகெங்கும் ரிகர் என்றுதான் பெயர். அமெரிக்க விதியில் இரண்டு படி உண்டு. முதற்படி ரிகர் பொதி செய்யலாம், சிறு திருத்தம் செய்யலாம். பெருந்திருத்தத்துக்கு இரண்டாம் படி ரிகர் வேண்டும், அல்லது உற்பத்தியாளர். எது பெரிது என்பதைக் கிழிசலின் அளவை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை, இடத்தையும் பார்க்க வேண்டும். துணியின் நடுவே அரை அங்குலத் துளை சிறியது. கயிறு பிடிக்கும் தையலடியில் அதே அரை அங்குலம் பெரியது. அமெரிக்காவில் செயற்கை இழை ரிசேவை 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மறுபடி பொதி செய்ய வேண்டும், பட்டென்றால் 60 நாள். 1942 சித்திரை 9இல் திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட காலத்தில், பட்டுக் குடைகள் இன்னும் பாவனையில் இருந்தன. பட்டு ஜப்பானிலிருந்து வருவது நின்றுபோனதுதான் நைலோனுக்கு வழி விட்டது.

பழைய குடை ஒன்று கைக்கு வந்தால்

முதலில் அட்டையைப் பாருங்கள். ரிசேவோடு வரும் பதிவு அட்டையில் திகதி, செய்த வேலை, ரிகரின் ஒப்பம், இலக்கம் இருக்க வேண்டும். ஊசியில் ஈய முத்திரை அறாமல் இருக்க வேண்டும். அட்டையில் எழுதாத ஒரு தையல் குடையில் இருந்தால், அதைத் தைத்தவர் எழுத விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு பிரதான குடையை நிழலில் விரித்து, ஒரு அறையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒட்டுகளின் கட்டங்கள் பொருந்துகின்றனவா, தையலோரம் ஊசித் துளைகள் வெறுமையாக நிற்கின்றனவா என்று பார்க்கலாம். வெறுந்துளை என்றால் அங்கே ஏற்கெனவே ஒரு தையல் பிரிக்கப்பட்டிருக்கிறது. அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். நூலின் நிறம், தடிப்பு, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பவை தொழிற்சாலைத் தையலோடு ஒக்கின்றனவா? ஒட்டின் ஓரத்தை விரலால் நசுக்கினால் கட்டி தட்டுப்படுகிறதா? கயிறுகளை இடம் வலம் சோடி சேர்த்துப் பிடித்தால் நுனி ஒத்து நிற்கிறதா? முத்திரை உள்ள ரிசேவை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

சந்தேகமான தையல் ஒன்றைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும். பிரிக்காதீர்கள். பிரித்தால் துளை மட்டும் மிஞ்சும், முதலில் என்ன பிழை இருந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். அந்த இடத்தில் ஒரு துண்டுத் துணியைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வையுங்கள். பேனையால் குறிக்க வேண்டாம், சில மைகள் நைலோனுக்கு ஆகாது. குண்டூசியும் குத்த வேண்டாம். குடையின் இலக்கத்தோடு படம் எடுத்து, அனுமதி பெற்ற ரிகருக்கோ உற்பத்தியாளருக்கோ அனுப்புங்கள். பதில் வரும்வரை பை அலுமாரிக்குள் இருக்கட்டும்.